உண்மைக் கதைன்னு போட்டிருக்கான், போகலாமா?

சினிமா கேள்விகளை என் பக்கம் தள்ளிவிடுவது இந்தப் பத்திரிகையில் பழைய வழக்கம். காலமெல்லாம் ஹைகோர்ட் செய்தி எழுதியவனுக்கு சினிமாவில் என்ன வேலை என்று கேட்டால், "உண்மைச் சம்பவம்னு போட்டு வர்ற படத்துக்கு உங்களை விட்டா யார் சார்?" என்கிறார்கள். கோர்ட் வராந்தாவில் காதில் விழுந்த கதைகள் சில திரையில் வேஷம் கட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. இந்த இதழுக்கு வந்தவற்றில் அப்படிப்பட்ட கேள்விகளை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறேன்.

தேவகோட்டையிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை: எதைப் பார்த்தாலும் 'உண்மைச் சம்பவத்தைத் தழுவியது' என்று விளம்பரம். நாலு பேர் குடும்பமாகப் போய்வந்தால் ஆயிரம் ரூபாய் பழுத்துவிடுகிறது. போகலாமா, வேண்டாமா என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் கதை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள் அம்மா. புத்தகமா, கோர்ட் தீர்ப்பா, சம்பந்தப்பட்டவர் வாய்மொழியா? இயக்குநர் பேட்டியில் அதைப் பெயர் சொல்லிச் சொன்னால் எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிடும். 'விசாரணை'க்கு வெற்றிமாறன் எடுத்துக்கொண்டது 'லாக்கப்' என்ற நாவல். எழுதிய மு.சந்திரகுமார் கோவையில் ஆட்டோ ஓட்டியவர். இளவயதில் குண்டூரில் போலீஸிடம் சிக்கி அடிவாங்கியதைத்தான் எழுதினார். 2015-ல் அந்தப் படம் வெனிஸ் திரைப்பட விழாவுக்குப் போனபோது அவரும் போனார். இரண்டாம் பாதியில் வரும் ஆடிட்டர் கதை அந்தப் புத்தகத்தில் இல்லை, வேறு இடத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. ஆனால் எது எங்கிருந்து வந்தது என்று நம்மால் பிரித்துப் பார்க்க முடிகிறது. அந்த வசதி எந்தப் படத்தில் இருக்கிறதோ அதற்குத் தயங்காமல் போகலாம். 'நிறைய ரிசர்ச் பண்ணினோம், பல பேரைச் சந்தித்தோம்' என்று மட்டும் சொன்னால், ஓடிடிக்கு வரட்டும் என்று நான் விட்டுவிடுவேன்.

அடுத்தது, என்ன மாற்றினார்கள் என்பது. மாற்றாமல் படம் எடுக்கவே முடியாது. ஒரு கொலை வழக்கில் எத்தனை வாய்தா விழும் என்று பார்த்தவன் நான். ஜட்ஜ் லீவு, அரசு வக்கீலுக்குக் காய்ச்சல், சாட்சி வரவில்லை, ரெக்கார்டு வரவில்லை. உள்ளபடி எடுத்தால் தியேட்டரில் ஆபரேட்டர்கூட மிஞ்சமாட்டார். ஆகவே, மாற்றினார்களா என்று நான் பார்ப்பதில்லை. யாருக்காக மாற்றினார்கள் என்று பார்க்கிறேன். அடிபட்டவர் கதை பளிச்சென்று விளங்குவதற்காக மாற்றினால் ஒரு ரகம். ஹீரோ இன்னும் நாலு அடி உயரமாகத் தெரியவேண்டும் என்று மாற்றினால் வேறு ரகம். ரிலீஸான மறுநாளே யாராவது இதை எழுதிவிடுவார்கள். ஞாயிறு வரைக்கும் பொறுத்தால் ஆயிரம் ரூபாய் மிச்சம்.

விருத்தாசலத்திலிருந்து ஒரு வாசகர்: 'ஜெய் பீம்' எங்கள் பக்கத்து ஊர்க் கதை. மாவட்டத்தை மாற்றி, சமூகத்தை மாற்றி, போலீஸ்காரர் பெயரையும் மாற்றிவிட்டார்கள். பிறகும் அதை உண்மைக் கதை என்று சொல்லலாமா?

சொல்லலாம். ஆனால் நீங்கள் கேட்ட மூன்று மாற்றங்களையும் ஒரே தராசில் போடமாட்டேன்.

நடந்தது 1993-ல். முதனை கிராமத்து ராஜாக்கண்ணுவைத் திருட்டு வழக்கில் கம்மாபுரம் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு, தப்பி ஓடிவிட்டான் என்றார்கள். அவர் மனைவி சென்னைக்கு வந்து வக்கீல் சந்துருவைப் பார்க்க, அவர் ஆட்கொணர்வு மனு போட்டார். 'ஆளைக் கொண்டுவந்து நிறுத்து' என்று கேட்கும் மனு அது. சாதாரணமாக அதில் சாட்சி விசாரணை கிடையாது. ஆள் வந்தால் மனு முடிந்தது, இல்லை என்று போலீஸ் பிரமாணப் பத்திரம் போட்டாலும் பெரும்பாலும் முடிந்தது. அந்த மனுவிலேயே சாட்சிகளைக் கூண்டில் ஏற்ற வைத்தது அபூர்வமான சங்கதி. படம் அதை விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டது. நம்மூர் சினிமாவில் கோர்ட் என்றாலே மேஜையைத் தட்டி வசனம் பேசுவதுதான். ஒரு மனுவின் நடைமுறையையே கதையின் முடிச்சாக வைத்த படம் எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை. (பின்னாளில் நீதிபதியானபோது சந்துரு 'மை லார்ட்' என்று கூப்பிட வேண்டாம் என்றார், முன்னால் செங்கோல் பிடித்து நடக்கும் டவாலியும் வேண்டாம் என்றார். அது படத்தில் இல்லை. இருந்திருந்தால் மிகைப்படுத்திவிட்டார்கள் என்று சொல்லியிருப்பார்கள்.)

இனி மாற்றங்களுக்கு வருவோம். மாவட்டத்தை மாற்றியதில் எனக்கு வருத்தம் இல்லை. சமூகத்தை மாற்றியதில் இருக்கிறது. ராஜாக்கண்ணு குறவர், படத்தில் இருளர். பழங்குடிகள் எல்லோருடைய அவலத்தையும் ஒரே கதையில் சொல்லும் நோக்கம் இயக்குநருக்கு இருந்தது புரிகிறது. ஆனால் எங்கே திருட்டுப் போனாலும் முதலில் குறவர் வீட்டுக் கதவைத் தட்டுவது வெள்ளைக்காரன் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்திலிருந்து வரும் பழக்கம். அந்தச் சட்டம் போயும் போலீஸ் ஸ்டேஷனில் பழக்கம் போகவில்லை. இந்த வழக்கின் வேரே அதுதான். பெயரை மாற்றியபோது அந்த வேரும் சேர்ந்து அறுந்துவிட்டது.

சப்-இன்ஸ்பெக்டர் சங்கதி இன்னும் விசித்திரம். உண்மையில் அவர் பெயர் கிறிஸ்தவப் பெயர். படத்தில் குருமூர்த்தி ஆனார். போதாததற்கு அவர் வீட்டுச் சுவரில் அக்னி குண்டம் படம் போட்ட ஒரு காலண்டர். அது வன்னியர் சங்கத்தின் சின்னம் என்று போராட்டம் கிளம்பியது. காலண்டரை மாற்றினார்கள், இயக்குநர் வருத்தம் தெரிவித்தார். சில நொடி வந்துபோகும் ஒரு காலண்டர்! ஆனால் 2021 நவம்பர் முழுக்க தமிழ்நாடு லாக்கப் கொடுமையைப் பேசவில்லை, காலண்டரைத்தான் பேசியது. தேவையில்லாமல் ஒரு அடையாளத்தைச் சுவரில் மாட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஆர்ட் டைரக்டர்கள் இதைப் பாடமாகவே வைக்கலாம்.

ஒன்று பாராட்ட வேண்டும். கதைக்குச் சொந்தக்காரரான அந்த அம்மாள் பெயரில் சூர்யா 10 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை போட்டார். இருளர் அறக்கட்டளை ஒன்றுக்கு 1 கோடி கொடுத்தார். படம் பார்க்கலாமா என்று முடிவுசெய்ய இதுவும் ஒரு கணக்கா என்றால், எனக்குக் கணக்குதான்.

கோயம்புத்தூரிலிருந்து ஓர் ஐ.டி. ஊழியர்: 'சூரரைப் போற்று' பார்த்துவிட்டு ஏர் டெக்கானில் டிக்கெட் போடலாம் என்று தேடினேன். அப்படி ஒரு கம்பெனியே காணோம்! என்ன ஆயிற்று?

படம் நிற்கும் இடத்துக்குப் பிறகு நடந்ததைத் தேடியிருக்கிறீர்கள். நல்ல பழக்கம், விடாதீர்கள்.

கேப்டன் ஜி.ஆர்.கோபிநாத் கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்துக்காரர். ராணுவத்தில் இருந்தவர். 2003-ல் ஏர் டெக்கானைத் தொடங்கினார். ஒரு ரூபாய் டிக்கெட் கொடுத்தது நிஜம். நான்கே ஆண்டில் விஜய் மல்லையா உள்ளே வந்தார், ஏர் டெக்கான் கிங்ஃபிஷருக்குள் கரைந்தது, 2012-ல் கிங்ஃபிஷரே தரையிறங்கி நின்றுவிட்டது. படம் இதில் எதையும் தொடவில்லை. ஜெயித்த அன்றைக்கே திரையை இறக்கிவிட்டார்கள்.

இது எல்லா 'வாழ்க்கைக் கதை'களிலும் நடப்பதுதான். எங்கே நிறுத்துகிறார்கள் என்று பார்த்தாலே படம் யாருடையது என்று தெரிந்துவிடும். சுதா கொங்கராவை இதற்காக நான் குறைசொல்ல மாட்டேன். ஹாசன் காரரைச் சோழவந்தான் மாறனாக்கி, ராணுவத்தை விமானப்படையாக்கி, கோபிநாத் என்ற பெயரையே விட்டுவிட்டபோதே இது வேறொருவன் கதை என்று சொல்லிவிட்டார். விமான நிலையத்தில் மாறன் பணத்துக்காக முன்பின் தெரியாதவர்களிடம் கையேந்தும் காட்சி கற்பனை. படத்தின் உயிரும் அந்தக் காட்சிதான். கோபிநாத்தே படம் பார்த்துவிட்டு, ரொம்பக் கற்பனை கலந்தது, ஆனாலும் தன் வாழ்க்கையைச் சொல்லும் தன் புத்தகத்தின் சாரத்தைப் பிடித்துவிட்டார்கள் என்ற பொருளில் எழுதினார். சொந்தக்காரரே ரசீது கொடுத்த பிறகு நமக்கென்ன?

சேலத்திலிருந்து ஒரு குடும்பத்தலைவி: ஒரு படம் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதேன். வீட்டுக்கு வந்து மகன் செல்போனில் தேடிப் பார்த்து, அந்தக் காட்சி நடக்கவே இல்லை என்கிறான். ஏமாந்துவிட்டேனா?

இல்லை. மகனை அடுத்த முறை படத்துக்குக் கூட்டிப்போகாதீர்கள்.

திருச்சியிலிருந்து ஒரு சட்டக் கல்லூரி மாணவர்: ஒருவருடைய வாழ்க்கையைப் படமெடுக்க அவர் அனுமதி தேவையில்லையா? 'உரிமை வாங்கிவிட்டோம்' என்று சில தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள், சிலர் வாங்காமலே எடுக்கிறார்கள். எது சரி?

தம்பி, இந்தக் கேள்விக்கான முதல் பதில் நம் ஊரிலிருந்து போனது என்று உங்கள் பேராசிரியர் சொல்லியிருப்பார். கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை நக்கீரன் பத்திரிகை வெளியிட முனைந்தது. அதில் அதிகாரிகள் பெயர் வரும் என்று சிறைத்துறை கட்டையைப் போட்டது. உச்ச நீதிமன்றம் 1994 அக்டோபரில் தீர்ப்புச் சொன்னது. கோர்ட் ஆவணம் மாதிரி, பொதுப் பதிவில் இருப்பதை எழுத யார் சம்மதமும் வேண்டாம். அதைத் தாண்டி ஒருவருடைய அந்தரங்கத்துக்குள் நுழைந்தால் சம்மதம் வேண்டும். பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயரைப் பொதுப் பதிவில் இருந்தாலும் வெளியிடக் கூடாது. இன்றைக்கும் சினிமா வழக்கு எது வந்தாலும் இந்தத் தீர்ப்பைத்தான் இரண்டு தரப்பும் தூக்கிக்கொண்டு வரும்.

இறந்தவர் விஷயம் வேறு. 'தலைவி' படத்தை எதிர்த்து ஜெயலலிதாவின் அண்ணன் மகள் தீபா வழக்குப் போட்டபோது, அந்தரங்க உரிமை வாரிசுக்குச் சொத்து மாதிரி இறங்காது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் சொன்னது. 2025-ல், விவாகரத்தான முஸ்லிம் பெண் ஜீவனாம்சம் கேட்ட ஷா பானு வழக்கைத் தழுவி 'ஹக்' என்ற இந்திப் படம் வந்தபோது அவர் மகள் இந்தூரில் வழக்குப் போட்டார். மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. (ஷா பானுவுக்கு அந்த மாநில உயர் நீதிமன்றம் கொடுக்கச் சொன்ன ஜீவனாம்சம் மாதம் 179 ரூபாய் 20 காசு. 1985-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்து நாடே இரண்டுபட்டது அந்தத் தொகைக்குத்தான்.)

அப்படியென்றால் காசு கொடுத்து ஏன் உரிமை வாங்குகிறார்கள்? கடிதம், போட்டோ, வீட்டுக்குள் பேசிய பேச்சு எல்லாம் கிடைக்கும், வழக்கு வராது. விலை என்ன தெரியுமா? குடும்பத்துக்குப் பிடிக்காத எதுவும் படத்தில் இருக்காது. இசை வெளியீட்டு மேடையில் குடும்பமே வரிசையாக உட்கார்ந்திருந்தால், நாயகனுக்குக் கோபம்கூட நியாயமான காரணத்துக்குத்தான் வரும் என்று நான் முடிவுகட்டிவிடுவேன். 'நடிகையர் திலகம்' இதில் கொஞ்சம் தப்பியது. சாவித்திரியின் குடிப்பழக்கத்தை மறைக்கவில்லை. ஆனால் ஜெமினி கணேசனைக் காட்டிய விதம் சரியில்லை என்று அவர் மகள் கமலா செல்வராஜ் வெளிப்படையாகவே சொன்னார். ஒரே வீட்டுக் கதைக்கு இரண்டு வாசல்.

நாகர்கோவிலிலிருந்து ஓய்வுபெற்ற பொறியாளர்: 'ராக்கெட்ரி' பார்த்தேன். பிறகு இஸ்ரோவில் நம்பி நாராயணனோடு வேலைபார்த்தவர்களே, படத்தில் வருவது பலவும் பொய் என்று திருவனந்தபுரத்தில் பத்திரிகையாளர்களைக் கூட்டிச் சொன்னார்கள். யாரை நம்புவது?

இரண்டு கதை ஒன்றாகக் கலந்திருக்கிறது ஐயா, பிரித்துவிட்டால் குழப்பமில்லை. நம்பி நாராயணன் உளவு வழக்கில் 1994-ல் கைதானார், சி.பி.ஐ. 1996-ல் வழக்கு பொய் என்றது, 2018-ல் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இது ஆவணம். அவருக்கு நடந்தது அநியாயம் என்பதில் அந்த விஞ்ஞானிகளுக்கும் தகராறு இருக்க முடியாது. ராக்கெட் எஞ்சினில் யாருக்கு எவ்வளவு பங்கு, அப்துல் கலாமையே அவர் திருத்தினாரா என்பதெல்லாம் அவர் பக்கத்துப் பேச்சு.

படத்தை இயக்கி நடித்த மாதவன் ஒரு காரியம் சரியாகச் செய்தார். படம் முழுக்க நம்பி பேட்டி கொடுப்பதாக வைத்தார். சூர்யா எதிரே உட்கார்ந்து கேட்கிறார், நம்பி சொல்கிறார். இது ஒருவர் சொல்லும் கதை என்று அந்த அமைப்பே சொல்லிவிடுகிறது. கோர்ட்டில் முதல் விசாரணை முடிந்து குறுக்கு விசாரணை தொடங்குவதற்கு முன்னால் எழுந்து வந்துவிட்ட மாதிரி. இழப்பீடு வாங்கியவர் என்பதற்காக அவர் சொல்லும் எஞ்சின் கணக்கு எல்லாம் சரியாகிவிடாது. எஞ்சின் கணக்கில் தகராறு இருக்கிறது என்பதற்காக காவலில் வாங்கிய அடி பொய்யாகிவிடாது. படத்தை இரண்டாம் பாதிக்காகப் பாருங்கள்.

கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகர்: படம் தொடங்கும்போது வருஷம், ஊர், 'பாத்திரங்கள் யாவும் கற்பனை' என்று என்னென்னவோ எழுத்து ஓடுகிறது. அதை யார் படிக்கிறார்கள்?

அரசியல்வாதிகள் படிக்கிறார்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கதையே இருக்கிறது. 'கர்ணன்' படத்துக்குப் பின்னால் இருப்பது கொடியன்குளம் என்பது எல்லோருக்கும் தெரியும். போலீஸ் அந்த ஊருக்குள் புகுந்து வீடுகளை நாசம் செய்தது 1995 ஆகஸ்டில், அ.தி.மு.க. ஆட்சி. 2021-ல் படம் வந்தபோது திரையில் 1997 என்று இருந்தது. அது தி.மு.க. ஆட்சி. உதயநிதி ஸ்டாலின் படத்தைப் பாராட்டிவிட்டு வருஷம் தப்பு என்று சுட்டிக்காட்டினார். உடனே '90-களின் பிற்பகுதி' என்று மாற்றினார்கள். பிற்பகுதியிலும் ஆட்சி தி.மு.க.தானே என்று அடுத்த சண்டை! இரண்டரை மணி நேரப் படத்தில் ஒரு வரி. அதைத் திருத்தியும் 1995 மட்டும் கடைசிவரை வரவில்லை. உடைந்த வீட்டுக்காரர்களுக்கு அந்த வருஷம் மறக்குமா?

ஆகவே படியுங்கள். கண்ணாடியை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

சென்னை அண்ணா நகரிலிருந்து ஒரு வாசகி: 'தி கேரளா ஸ்டோரி'யைப் பார்க்கலாமா என்று என் தோழிகளுக்குள் பெரிய சண்டை. நீங்கள் சொல்லுங்கள்.

மதம் மாற்றப்பட்டு ஐ.எஸ். பயங்கரவாதிகளிடம் போன கேரளப் பெண்கள் பற்றிய படம் அது. விளம்பரத்தில் முதலில் 32,000 பெண்களின் கதை என்றார்கள். பிறகு 3 பெண்களின் கதை என்று மாறியது. 2023 மே மாதம், 32,000 என்ற எண்ணுக்கு அதிகாரபூர்வ ஆதாரம் எதுவும் இல்லை என்றும் படம் கற்பனை கலந்தது என்றும் திரையில் போடுவதாகத் தயாரிப்பாளர் தரப்பு உச்ச நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. முப்பத்திரண்டாயிரத்துக்கும் மூன்றுக்கும் நடுவில் இவ்வளவு இடம் விடுகிற படத்துக்கு நான் நேரம் ஒதுக்கவில்லை. உங்கள் தோழிகளை நானே சமாதானம் செய்ய முடியாது.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: முடிவுதான் முன்னாலேயே தெரிந்துவிடுகிறதே. 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்தில் அந்தப் பையன் பிழைப்பான் என்று போஸ்டரிலேயே தெரியும். பிறகு என்ன சுவாரசியம்?

நீங்களே இரண்டு தடவை பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 2006-ல் கொடைக்கானல் குணா குகையில் ஒருவர் விழுந்தார், நண்பர் கயிற்றில் இறங்கித் தூக்கிவந்தார். செய்தியாக எழுதினால் பேப்பரில் ஒரு பத்திகூட நிரம்பாது. படம் எதில் நிற்கிறது? மழைத்தண்ணீர் குழிக்குள் இறங்காமல் நண்பர்கள் படுத்து அணைபோடுவதில், உதவி கேட்டுப் போன இடத்தில் போலீஸிடம் அடிவாங்குவதில். பிழைத்தான் என்பது பேப்பரில் வந்தது. எப்படி என்பதற்குத்தான் டிக்கெட். முடிவு தெரிந்தும் நாற்காலி நுனிக்கு வர வைத்தால் அது நல்ல படம்.

மதுரையிலிருந்து 74 வயது வாசகர்: நாங்கள் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' பார்த்த காலத்தில் எது உண்மை, எது பொய் என்று யாரும் கேட்டதில்லை. இப்போதுதான் இந்த வியாதி.

கேட்டார்கள் ஐயா, நீங்கள் சிவாஜி வசனத்தில் மயங்கி இருந்தீர்கள். தமிழ்வாணன் 'கட்டபொம்மன் கொள்ளைக்காரன்' என்று புத்தகமே போட்டார். ஜாக்சன் துரையைக் கட்டபொம்மன் சந்தித்தது உண்மை. 1798-ல், ராமநாதபுரத்தில். கைகலப்பில் முடிந்து கிளார்க் என்ற வெள்ளை அதிகாரி செத்தான். கும்பெனி ஜாக்சனையே பதவியிலிருந்து தூக்கியது. இவ்வளவும் வரலாறு. அந்த வசனம் சக்தி கிருஷ்ணசாமி 1959 படத்துக்கு எழுதியது. ஆனால் நம்மில் பாதிப் பேருக்கு ராமநாதபுரத்தில் பேசப்பட்டதே அதுதான். பள்ளிக்கூட மாறுவேடப் போட்டியில் பேரன் பேசுவதும் அதுதான், கல்வெட்டில் இருப்பதை எந்தப் பேரனும் பேசுவதில்லை.

இரண்டு ஆண்டு கழித்து அதே இயக்குநர் பந்துலு, அதே சிவாஜி, ம.பொ.சி. புத்தகத்தை வைத்துக் 'கப்பலோட்டிய தமிழன்' எடுத்தார்கள். வ.உ.சி. சிறையிலிருந்து வெளியே வரும்போது கூட்டம் இல்லை, கடைசிக் காலம் வறுமை என்பதையெல்லாம் கூசாமல் காட்டிய படம். ஓடவில்லை. நீங்களும் அப்போது போயிருக்க மாட்டீர்கள்.

திருவண்ணாமலையிலிருந்து ஒரு வாசகர்: சமீபத்தில் வந்ததில் கட்டாயம் பார்க்க வேண்டியது ஒன்றைச் சொல்லுங்கள். மொழி எதுவானாலும் சரி.

'ஹோம்பவுண்ட்'. இந்திப் படம், நீரஜ் கய்வான் இயக்கியது, 2025-ல் வந்தது, இந்தியா சார்பில் ஆஸ்கருக்கு அனுப்பினார்கள். நெட்ஃபிளிக்ஸில் கிடைக்கிறது.

2020 மே மாதம் ஒரு போட்டோ எல்லோர் செல்போனிலும் சுற்றியது, ஞாபகம் இருக்கிறதா? மத்தியப் பிரதேசத்தில் நெடுஞ்சாலை ஓரம், மயங்கிக் கிடக்கும் ஓர் இளைஞனை இன்னொருவன் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சூரத்தில் துணி மில் வேலை ஊரடங்கில் போய், உத்தரப் பிரதேசத்துக்கு லாரியில் திரும்பிக்கொண்டிருந்த இரண்டு நண்பர்கள். ஒருவன் தலித், ஒருவன் முஸ்லிம். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றதும் கொரோனா பயத்தில் லாரியிலிருந்து இறக்கிவிட்டார்கள். மற்றவனும் கூடவே இறங்கிக்கொண்டான். பஷாரத் பீர் என்ற எழுத்தாளர் அவர்களுடைய ஊருக்கே போய் நியூயார்க் டைம்ஸில் அதே ஆண்டு கட்டுரை எழுதினார். அதுதான் மூலம்.

இனி மாற்றத்தைப் பாருங்கள். படத்தில் இருவருக்கும் வேறு பெயர். இரண்டு பேரும் போலீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறார்கள். இது கற்பனை. ஆனால் எதற்காக? காக்கிச்சட்டை போட்டால் ஊரில் யாரும் பெயரைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டான் என்ற நப்பாசையைக் காட்டுவதற்காக. விண்ணப்பத்தில் சாதிக் கட்டத்தை நிரப்ப ஒருவன் தயங்குவான். ஆபீசில் ஒருவன் கையால் வந்த தண்ணீர் பாட்டிலை வேண்டாம் என்று ஒதுக்குவார்கள். அந்த மாதிரிச் சின்ன இடங்களைச் சேர்த்துச் சேர்த்து வைத்ததால், கடைசியில் அந்த ரோட்டோரக் காட்சி வரும்போது அது போட்டோவைவிடக் கனக்கிறது. இவர்கள் ஏன் சூரத்துக்குப் போனார்கள் என்ற கேள்விக்கு மாற்றமே பதிலாகிவிட்டது. ஜான்வி கபூருக்குக் கொடுத்த பாத்திரம் மட்டும் அவசரமாக எழுதியது மாதிரி இருக்கிறது. மற்றபடி முதல் கேள்வி கேட்ட தேவகோட்டை ஆசிரியைக்கு நான் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

தமிழில்தான் வேண்டும் என்றால் 'பைசன் காளமாடன்'. 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற கபடி அணியில் இருந்த மணத்தி கணேசனின் வாழ்க்கையிலிருந்து மாரி செல்வராஜ் எடுத்துக்கொண்டது. பெயரைக் கிட்டன் என்று மாற்றிவிட்டார். நீளம் அதிகம். பசுபதி வரும் காட்சிகளுக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்: உண்மைக் கதைப் படங்களிலேயே கலப்படமில்லாத உண்மை என்று எதையாவது சொல்ல முடியுமா?

முடியும். 'அமரன்' படத்தில் ஒரு காட்சியில் வரும் செல்போன் நம்பர். மேஜர் முகுந்த் கதையில் எவ்வளவு கற்பனை என்று ஊரே விவாதித்துக்கொண்டிருக்க, அந்த நம்பர் சென்னையில் ஒரு இன்ஜினீயரிங் மாணவருடைய நிஜமான நம்பர்! சாய் பல்லவியிடம் பேச வேண்டும் என்று ராத்திரி பகலாக போன். படிக்க முடியவில்லை, தூங்க முடியவில்லை என்று ஒரு கோடிக்கு மேல் இழப்பீடு கேட்டு அந்தப் பையன் நோட்டீஸ் விட்டார். அப்புறம்தான் நம்பரை மறைத்தார்கள்.